மேய்க்கால் புறம்போக்கு, புல எண் 212/3

உருக்காலையில் சிவந்த கம்பி தடம் புரண்டு
அடித்துச் செத்தவனுக்கு வயது இருபத்துநான்கு.
சோனாராம் ஹேம்ப்ரம்.
மூன்று முறை கேட்டு
நான்காவது முறையும் தப்பாக அடித்தேன்.

மதம்?

கூட வந்த பூத்ராய் சோரன்
கும்மிடிப்பூண்டியில் கற்ற இரண்டு வருஷத் தமிழில்
"சர்ணா, மேடம்" என்றான்.
"மரம். மலை. எங்க சாமி உள்ளே இல்ல, வெளியே."

கணினியில் இறங்கும் பட்டியலில் மரம் இல்லை.
"பிற" இருந்தது.
அதை அழுத்தினால்
"விவரம் குறிப்பிடுக" என்றொரு கட்டம் திறக்க வேண்டும்.
ஆறு மாதமாகத் திறப்பதில்லை.

தாசில்தார் நல்ல மனிதர்.
பொன்னேரி ஆஸ்பத்திரியில் மூணு நாளாக் கிடக்கு,
ஏதாவது போடும்மா என்றார்.

ஏதாவது போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.
சாதிச் சான்றிதழில் நான் செல்வராணி, இந்து.
ஆரம்பாக்கம் சபையில் ஞாயிறு பத்து மணிக்கு
ரெபேக்காள்.
இந்த நாற்காலி செல்வராணிக்குக் கிடைத்தது.
ரெபேக்காள் உட்கார்ந்தால்
ஒரு பழைய உத்தரவு வந்து எழுப்பிவிடும்.
அதனால் காணிக்கைக் கவரில்
அவள் பெயர் எழுதுவதில்லை.

மாலையில் அமைதிக் கூட்டம். குறிப்பெடுத்தது நான்.
"மா வாள்ளு காதண்டி" என்றார் வெங்கடசுப்பா ரெட்டி.
எங்கள் ஆளில்லை என்பதை
"ஆட்சேபம் தெரிவித்தார்" என்று எழுதினேன்.
ஷேக் மஸ்தான் பாய் நிஜமாகவே வருந்தினார்,
துஆ இல்லாமல் எப்படி அடக்குவது,
அந்தப் பையனுக்கே அது மரியாதையா என்று கேட்டார்.
எங்கள் பாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை.
(என் நாற்காலியைப் பற்றி அவருக்குத் தெரியும்.)
"ஞானஸ்நானம்..." என்று தொடங்கியவர்
டீயை எடுத்துக்கொண்டார்.

யாரும் தப்பாகப் பேசவில்லை.
பிணம் மட்டும் பொன்னேரியிலேயே இருந்தது.

கடைசியில் தலையாரி முனிரத்தினம்
வரைபடத்தில் நகத்தால் கீறினான்: 212/3.
மாடு மேய்ந்து இருபது வருஷம், இப்போது வேலிக்காத்தான்.
ஊரில் சாமி இல்லாத நிலம்
அரசாங்கத்துடையது ஒன்றுதான்.
ஆலைக்காரர்களே பொக்லைன் அனுப்பினார்கள்.
உத்தரவு வாய்மொழி. கோப்பில் கிடையாது.

*

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சுற்றறிக்கை வந்தது,
அலுவலகத்தில் சாமிப் படங்கள் கூடாதென்று.
சரஸ்வதியைக் கழற்றிப் பீரோவில்
பட்டா நகல்களின் மேல் படுக்கவைத்தோம்.
மறுநாள் ஜீப்புக்கு நாலு எலுமிச்சம்பழம்,
வாசலில் பூசணிக்காய்.
என் கணினிக்குச் சந்தனம் வைத்தது நான்தான்.
வைக்காவிட்டால் கேட்பார்கள்.
வளாகத்துப் பிள்ளையாரும் புறம்போக்கில்தான் இருக்கிறார்.
அவருக்கு மின் இணைப்பு உண்டு,
பில் நம் கணக்கில்.

அடுத்த வாரம் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை:
212/3-இல் ஒரு மண்மேடு.
தலைமாட்டில் வேப்பங்கன்று
(சால் மரம் இந்த உப்பு மண்ணில் பிடிக்காதாம்),
கம்பத்தில் சிவப்பும் வெள்ளையுமாய்த் துணி.
லீவு நாளில் நாற்பது பேர், மேளம்.
நாளடைவில் வழிபாட்டுத் தலமாக மாற வாய்ப்புள்ளது.

வாய்ப்பிருந்தால் அறிவிப்பு.
1905ஆம் வருஷத்துச் சட்டம், ஏழாம் பிரிவு.
ஆக்கிரமிப்பாளர் பெயர்?
யாரைப் போட?
தாசில்தார் மாறிப் போய்விட்டார்.
புதியவருக்குப் பொக்லைன் கதை தெரியாது.

சோனாராம் ஹேம்ப்ரம் என்று அடித்தேன்.
இந்த முறை பிழையில்லாமல் வந்தது.
ஆக்கிரமித்த பரப்பு: ஆறுக்கு மூன்று அடி.
இந்தப் படிவம் மதம் கேட்கவில்லை.

மதியம் கையெழுத்துக்குப் போகும்.
அதற்குள் பூத்ராய்க்குப் போன் செய்து சொல்லலாம்.
எண் இருக்கிறது.
மணி அடித்து அவன் எடுத்து
யார் பேசுறது என்று கேட்டால்
எந்தப் பெயரைச் சொல்வது?